படப்புத்தகத்தில் பலவித மனிதர்கள்: 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முழுமையான வழிகாட்டி

பால்வாடி ஆசிரியர்கள், எல்கேஜி யுகேஜி மிஸ்கள், சனிக்கிழமைகளில் தெரு நூலகத்தில் கதை சொல்பவர்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்க நினைக்கும் பெற்றோர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, சோலை நகர் பக்கத்துப் பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்து வருகிறேன். புதிதாக வரும் தன்னார்வலர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முக்கால்வாசித் தடுமாற்றம் வரிசையில்தான். எடுத்த எடுப்பிலேயே ஆப்பிரிக்கக் கிராமத்துக் கதை, நடுவில் நாலு தடவை நிறுத்தி "பாத்தீங்களா, அவங்க எவ்ளோ வித்தியாசமா இருக்காங்க", கடைசியில் "ஆனா எல்லாரும் ஒண்ணுதான்" என்று ஒரு பிரசங்கம். பிள்ளைகளும் கோரஸாகத் தலையாட்டுவார்கள். அப்புறம் சுண்டல் சாப்பிட உட்காரும்போது, கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை மனதில் வைத்து அமைத்த வரிசைதான் கீழே இருப்பது.

1. யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

புத்தகம் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நம் ஊரில் ஒரு சின்னக் கூடத்துக்குள் கூட ஏகப்பட்ட வீடுகள் வந்து சேரும். கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை, பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை, கோட்டக்குப்பத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், பிரான்சில் சித்தப்பா இருக்கிற சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பேத்தி, பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கடலூர்ப் பக்கம் என்றால் தேவனாம்பட்டினம் ஒரு மாதிரி, பரங்கிப்பேட்டை வேறு மாதிரி. நெய்வேலி நகரியத்தில் ஒரே தெருவிலேயே நாலைந்து மாநிலத்து வீடுகள் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள சாதி, மதம் கேட்டுப் படிவம் நீட்ட வேண்டாம். விளையாட்டுப் போல மூன்று கேள்விகள் போதும். பாட்டியை எப்படிக் கூப்பிடுவே? வீட்டுல யார் யார் இருக்காங்க? லீவுக்கு எந்த ஊருக்குப் போவே? ஆயா, அம்மாயி, நன்னி, அம்மம்மா, நானி என்று பதில்கள் வரும். அப்பா இல்லாத வீடு, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை, இரண்டு மொழி பேசும் வீடு எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இந்தக் குறிப்பின் முதல் உபயோகம், கூட்டத்தில் தன்னந்தனியாக இருக்கும் பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பது. பத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஓர் இந்திக்காரப் பிள்ளை இருந்தால், வடநாட்டுக் கதையைத் திறந்ததும் எல்லாக் கண்ணும் அந்தப் பிள்ளை மேல்தான் திரும்பும். அது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2. புத்தகங்களைச் சேர்த்தல்

அலமாரி நிறைய வேண்டியதில்லை. நல்லதாக ஒரு டஜன் இருந்தால் அரை வருஷம் ஓட்டலாம், ஏனென்றால் ஒவ்வொன்றையும் பல முறை வாசிக்கப் போகிறோம்.

சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு மொழி இருக்கும் புத்தகங்களும் அவர்களிடம் உண்டு. பிரதம் புக்ஸ் விலை குறைவு. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் இரண்டிலும் தேடிப் பாருங்கள். கையில் காசே இல்லை என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், ஆசிரியர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டு நாமே மொழிபெயர்க்கவும் செய்யலாம். அங்கே கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த வயதுக்கு முதல் இரண்டு நிலை போதும். ரோமன் ரோலண்ட் நூலகத்தின் குழந்தைகள் பிரிவையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

எங்கள் ஊருக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம் சொல்லி வைத்தால், அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து ஒதுக்கிய படப்புத்தகங்கள் பெட்டியில் வரும். எழுத்து பிரெஞ்சில் இருந்தால் பரவாயில்லை. படத்தைப் பார்த்து நாமே கதை சொல்லிக்கொள்ளலாம்.

அளவைக் கவனியுங்கள். உள்ளங்கை அளவுப் புத்தகத்தைப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது, பின்வரிசை பத்தாவது நொடியில் தள்ளுமுள்ளு ஆரம்பித்துவிடும். சின்னப் புத்தகம்தான் இருக்கிறது என்றால் ஐந்தைந்து பேராகப் பிரித்து வாசியுங்கள். டிவியில் போட்டுக் காட்டுவது சுலபம்தான், ஆனால் பிள்ளைகள் பக்கத்தைத் தொட வேண்டும், பின்னால் திருப்ப வேண்டும், "அந்த நாயை இன்னொரு வாட்டி காட்டு" என்று கேட்க வேண்டும். அதற்குக் காகிதம்தான் சரி.

3. சலித்தல்

கிடைத்ததை எல்லாம் வாசிக்கக் கூடாது. எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். நான் பார்ப்பவை இவை.

கதையை நகர்த்துவது யார்? வேற்று ஊர்ப் பிள்ளை கஷ்டத்தில் மாட்டிக்கொள்ள, வெள்ளைச் சட்டை போட்ட யாரோ வந்து காப்பாற்றும் கதை என்றால் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பிள்ளையே யோசித்து, தப்புச் செய்து, தானே வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை கதையில் எதற்கு வருகிறாள்? மற்றவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று காட்ட மட்டும் வந்தால் வேண்டாம். அவளும் குறும்பு செய்ய வேண்டும், அடம் பிடிக்க வேண்டும்.

எல்லாரும் எப்போதும் திருவிழா உடையிலேயே இருக்கிறார்களா? நாகாலாந்து என்றால் இறகுக் கிரீடம், ராஜஸ்தான் என்றால் தலைப்பாகையும் ஒட்டகமும். நாம் தினமும் பட்டு வேட்டியில் மீன் வாங்கப் போவதில்லை. அவர்களும் அப்படித்தான். சாதாரண நாளைக் காட்டும் புத்தகம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

பழைய சரக்கா? ஆப்பிரிக்காவை ஒரே நாடு போலக் காட்டி, சிங்கமும் குடிசையும் மட்டும் வரைந்த புத்தகங்கள் இன்னமும் புழக்கத்தில் உள்ளன. அது 54 நாடுகள் கொண்ட கண்டம், பெரிய பெரிய நகரங்கள் இருக்கின்றன. பனிப்பிரதேசத்து இனுயிட் மக்களை இன்றும் பனிக்கட்டி வீட்டிலேயே குடியிருப்பவர்களாகக் காட்டுவதும் இந்த வகைதான், அவர்கள் இப்போது சாதாரண வீடுகளில்தான் வசிக்கிறார்கள். நம் பக்கத்திலும் இது நடக்கிறது. இருளர் என்றாலே பாம்பு பிடிப்பவர் என்று வரைந்துவிடுவார்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இறங்கி மீனும் இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். வரைந்தவர் கடலூர் மாவட்டத்துப் பக்கம் வந்து பார்த்ததே இல்லை என்று புரிந்துவிடும்.

தோல் நிறம் எப்படிப் போட்டிருக்கிறார்கள்? இதில் தமிழ்ப் புத்தகங்கள்கூடத் தேறுவதில்லை. நாயகி ரோஜா நிறம், திருடன் கரிய நிறம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு மூன்று நிறம் காட்டும் புத்தகம் கிடைத்தால் இரண்டு பிரதி வாங்குங்கள்.

கடைசியாக, தமிழை உரக்க வாசித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு முறுக்கிக்கொண்டு நின்றால் உங்கள் வாய்க்குத் தகுந்தபடி பென்சிலால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். பெயர்களை மட்டும் மாற்றாதீர்கள். அசாம் பையனுக்கு "முருகன்" என்று பெயர் வைத்தால், அவனை நம்மூர்க்காரனாக ஆக்கினால்தான் பிடிக்கும் என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

4. அடுக்கும் வரிசை: தெருவிலிருந்து தூர தேசத்துக்கு

தேறிய புத்தகங்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதலடுக்கு, உங்கள் பிள்ளைகளின் வீடு மாதிரி இருப்பவை. இரண்டாவது, அடுத்த தெரு, அடுத்த ஊர், அடுத்த மாநிலம். மூன்றாவது, தூர தேசம். இந்த வரிசையிலேயே வாசியுங்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், புத்தகம் பிள்ளைக்குத் தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், அடுத்தவரைப் பார்க்கும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். நடைமுறையில் கண்ணாடி முதலில் வர வேண்டும் என்பேன். தன் வீட்டுக் கருவாட்டு வாசனையும் தன் ஆயாவின் கண்டாங்கிப் புடவையும் புத்தகத்தில் வரும் என்று பார்த்த பிள்ளை, அடுத்தவர் வீட்டைக் கேலி செய்யாமல் பார்க்கிறது. தன்னை எங்கேயும் பார்க்காத பிள்ளைக்கு எல்லாப் புத்தகமும் வேடிக்கைதான்.

புதியவர்கள் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கண்ணாடியாக இருப்பது பக்கத்துப் பிள்ளைக்குச் சன்னல். கடற்கரைக் குப்பத்துக் கதை சோலை நகர்ப் பையனுக்குச் சொந்தக் கதை, ரெட்டியார்பாளையத்து அடுக்குமாடிப் பிள்ளைக்குப் புது உலகம். ஆகவே முதலடுக்கிலேயே நாலு விதமான வீடு இருக்கட்டும். முதல் மாதத்துக்குள், நோட்டில் குறித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒரு புத்தகம் கண்ணாடியாக வந்துவிட்டதா என்று சரிபாருங்கள்.

இரண்டாம் அடுக்குக்குப் புதுச்சேரியில் கைவசமே ஒரு நல்ல வழி இருக்கிறது. மாகே கேரளக் கரையில் இருக்கிறது, அங்கே மலையாளம். ஏனாம் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம், அங்கே தெலுங்கு. இரண்டும் நம் யூனியன் பிரதேசம்தான். வரைபடத்தில் புதுச்சேரியோடு சேர்த்து மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒரு மலையாளக் கதையோ தெலுங்குக் கதையோ எடுங்கள். வேறு மொழி பேசுபவர்கள் எல்லாம் வெளியாட்கள் என்ற எண்ணம் வேரோடும் முன்பே ஆட்டம் கண்டுவிடும்.

பண்டிகையை ஒட்டி மட்டும் வாசிப்பது பரவலான தவறு. ரம்ஜானுக்கு ஒரு முஸ்லிம் கதை, கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்தவக் கதை, நவம்பர் 14 அன்று உலகக் குழந்தைகள் அத்தனை பேரும் கைகோத்து நிற்கும் படம். மழலையர் கல்வியில் பாகுபாடு பற்றி எழுதிய லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் இதைச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று 1989லேயே கண்டித்திருக்கிறார். போனோம், வேடிக்கை பார்த்தோம், வந்தோம். முஸ்லிம் பெண் ஒருத்தி தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடும் கதையைச் சாதாரண ஜூலை மாதத்தில் வாசியுங்கள். அதில் நோன்பும் இருக்காது, பிரியாணியும் இருக்காது. அதுதான் வேண்டும்.

5. முதல் நாள் இரவு

உரக்க மூன்று முறை வாசியுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் நாக்கில் புரளும்வரை சொல்லிப் பாருங்கள். வாசிக்கும் ஆளே பெயரைச் சொல்லத் தடுமாறிச் சிரித்தால், பெயர் சிரிக்கத் தக்கது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

நிறுத்திப் பேசப் போகும் பக்கங்களில் ஒட்டுச்சீட்டு ஒட்டுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் "ச்சீ" என்றோ "ஐயே" என்றோ சொல்ல வாய்ப்பிருக்கிறது என்று யோசித்து, அதற்கான பதிலை ஒரு வரியில் அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நொடியில் பதில் யோசிக்க நேரம் கிடைக்காது.

6. முதல் வாசிப்பு: கதை மட்டும்

அரைவட்டமாக உட்கார வையுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரக் கூடாது, பளபளப்பான தாளில் படமே தெரியாது. பதினைந்து நிமிஷம் உச்சவரம்பு.

அட்டையைக் காட்டி "இது என்ன கதையா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். "இன்னிக்கு நாம மணிப்பூர் மக்களைப் பத்தித் தெரிஞ்சுக்கப் போறோம்" என்று ஆரம்பித்தால் கதை செத்துவிடும். அது பாடம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் முறை நிறுத்தாமல் வாசித்து முடியுங்கள். அந்தப் பொண்ணுக்கு நாய்க்குட்டி கிடைத்ததா இல்லையா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அவள் என்ன உடை போட்டிருந்தாள் என்பது அப்புறம். முதலில் அவள் கவலையில் பங்கெடுத்துவிட்டால், பிறகு உடையைப் பார்க்கும்போது அது தெரிந்தவளின் உடை.

அன்றைக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம். "திருப்பிப் படிங்க மிஸ்" என்று கேட்டால் படியுங்கள், அவ்வளவுதான்.

7. இரண்டாம் வாசிப்பு: கேள்விகள்

இரண்டு மூன்று நாள் கழித்து அதே புத்தகம். இப்போது ஒட்டுச்சீட்டுப் பக்கங்களில் நிறுத்தலாம். கேள்விகளுக்கும் வரிசை உண்டு.

முதலில் கண்ணுக்குத் தெரிவது: "இங்க என்ன நடக்குது?" அடுத்து மனசு: "அவனுக்கு இப்ப எப்படி இருக்கும்?" அதற்கடுத்து தன் அனுபவம்: "உனக்கு இப்படி ஆயிருக்கா?" இதெல்லாம் ஆன பிறகுதான் வேறுபாடு: "அவங்க வீட்டுல காலைல இதைச் சாப்பிடுறாங்க. உங்க வீட்டுல?" ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைச் சொல்லும்போது, பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு விதம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு வீட்டில் பழைய சோறு, ஒரு வீட்டில் பன்னு, ஒரு வீட்டில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். கதையில் வந்த வீடு பதின்மூன்றாவது விதம் ஆகிவிடும்.

"அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்காதீர்கள். கேட்ட உடனே கோடு விழுந்துவிடும். "நாம பொங்கல் கொண்டாடுறோம், அவங்க பிஹு கொண்டாடுறாங்க" என்னும்போது அந்த நாமில் சேராத பிள்ளை ஒன்று உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு பெரிய தவறு, பிள்ளையைக் காட்சிப் பொருளாக்குவது. "நம்ம கிளாஸ்லகூட ஒரு பீகார்ப் பையன் இருக்கான், எழுந்து நில்லுப்பா, உங்க ஊர்ல இப்படித்தானே?" ஆசையோடு சொல்வதுதான், தெரியும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு மாநிலத்துக்கே பிரதிநிதியாக நிற்க முடியாது. அவனாக "எங்க நானி இப்படித்தான் செய்வாங்க" என்று சொன்னால் காது கொடுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

8. "ச்சீ", "கருப்பு", "அவங்க யாரு?": அந்த நொடியில் என்ன சொல்வது

முக்கியமான வேலை இங்கேதான். புதியவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, "உஷ்! அப்படிச் சொல்லக் கூடாது" என்று அடக்குவது. அல்லது காது கேட்காதது போல அடுத்த பக்கம் புரட்டுவது. அடக்கினால், அது பெரியவர்களும் பேசப் பயப்படும் விஷயம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். புரட்டிவிட்டால், சொன்னது சரி என்று எடுத்துக்கொள்ளும்.

குழந்தைக்கு என்ன தெரியும், அது நிறமெல்லாம் பார்க்காது என்பார்கள். மூன்று மாதக் குழந்தைகளே தாங்கள் பழகிய இன முகங்களை அதிக நேரம் பார்ப்பதாக 2005இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பார்ப்பது தப்பில்லை. பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் பிள்ளை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

சாப்பாட்டைப் பார்த்து "ச்சீ" என்றால்: "உனக்குப் புதுசா இருக்கு, அதான் அப்படித் தோணுது. அவனுக்கு அது அம்மா செஞ்ச சாப்பாடு. உனக்கு ரொம்பப் பிடிச்சதை யாராவது ச்சீன்னு சொன்னா எப்படி இருக்கும்?" பிறகு ஒரு விதி வையுங்கள். "இங்க 'எனக்கு வேணாம்'னு சொல்லலாம், 'ச்சீ' சொல்லக் கூடாது." பிடிக்காமல் இருக்கும் உரிமையைப் பிடுங்காமல் அவமதிப்பை மட்டும் எடுத்துவிடுகிறோம். கருவாடு, முட்டை, மாட்டிறைச்சி எதுவானாலும் இதே பதில். சைவ வீட்டுப் பிள்ளையின் தயிர்சாதத்தைக் கேலி செய்தாலும் இதேதான்.

"கருப்பா இருக்கான், அசிங்கமா இருக்கான்" என்றால், அவசரப்பட்டு "கருப்பும் அழகுதான் கண்ணு" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த "உம்" சலுகை கொடுப்பது போல ஆகிவிடும். நான் இரண்டையும் பிரிப்பேன். "கருப்பா இருக்கான், ஆமா. எங்க தாத்தா மாதிரி. அசிங்கம்னு எதை வச்சுச் சொல்றே?" பெரும்பாலும் பிள்ளைக்குப் பதில் இருக்காது. அல்லது "எங்க அத்தை சொல்வாங்க" என்று வரும். அத்தையைத் தாக்காதீர்கள். "சில பேர் அப்படிச் சொல்வாங்க, அது சரியில்ல. இங்க நாம அப்படிப் பேசுறதில்ல" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதே அறையில் கரிய பிள்ளை ஒன்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் பதில் முக்கியமாக அதற்குத்தான்.

"அந்தப் பையனுக்கு ஏன் கால் இல்ல?" என்பது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே சொல்லுங்கள்: "சில பேர் பிறக்கும்போதே அப்படி, சில பேருக்கு அடிபட்டு அப்படி ஆகும். அவன் இந்தச் சக்கர நாற்காலில போறான்." பாவம் என்ற சொல் வேண்டாம். யாராவது "நொண்டி" என்றால், "அவனுக்குப் பேர் இருக்கு, பேரைச் சொல்லு" போதும்.

"அவங்க சாமி பொய் சாமியா?" என்று வந்தால் இறையியல் விவாதம் தேவையில்லை. "அவங்க வீட்டுல அப்படிக் கும்பிடுறாங்க, உங்க வீட்டுல இப்படி. கும்பிடாத வீடும் இருக்கு." வில்லியனூர்ப் பிள்ளையாக இருந்தால் திருக்காமீஸ்வரர் கோயில் தேரையும் லூர்து மாதா கோயில் தேரையும் பார்த்திருக்கும். அதை நினைவூட்டினால் போதும்.

கடினமானது சாதி. நாலு வயதில் சாதிப் பெயர் வராது, "அவங்க காலனியா மிஸ்?" என்று வரும். வீட்டுப் பேச்சு வாய் வழியாக வருகிறது. மழுப்பாதீர்கள். "வீடு எந்தத் தெருவுல இருக்குன்னு பார்த்து யாரோட விளையாடலாம்னு முடிவு பண்றதில்ல. கதைல அவன் என்ன செஞ்சான்னு சொல்லு." குரலை உயர்த்தாமல், சிரிக்காமல், ஒரே மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். ஒரு நாளில் தீராது. ஆனால் இந்த அறையில் இந்தப் பேச்சு செல்லாது என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

9. கை வேலை: பழுப்பு கலக்குதல்

கிரேயான் டப்பாவில் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறக் குச்சி ஒன்று இருக்குமே, அதைப் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்பார்கள். ஆளை வரையச் சொன்னால் கூட்டத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத அந்த நிறத்துக்குத்தான் அடிதடி. நிறம் வரும் புத்தகத்தை வாசித்த வாரத்தில் இந்த வேலையை வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். கதையில் பார்த்த பிறகுதான் கையைப் பார்க்கும் ஆவல் வரும்.

போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போதும். சிவப்பும் மஞ்சளும் கலந்து, அதில் துளித்துளியாக நீலம் விட்டால் பழுப்பு வரும். மஞ்சள் கூடினால் கோதுமை நிறம், வெள்ளை சேர்த்தால் வெளுக்கும், இன்னும் ஒரு சொட்டு நீலம் விட்டால் அடர்ந்த நிறம். கறுப்பு வண்ணத்தைத் தரவே தராதீர்கள், சாம்பல் பூத்து உயிரில்லாமல் போகும். ஒவ்வொரு பிள்ளையும் புறங்கையைத் தாளின் பக்கத்தில் வைத்து, பொருந்தும்வரை கலக்கட்டும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தர் கையைத் திருப்பி "மிஸ், உள்ளங்கை வேற கலர்!" என்று கத்துவார். அங்கிருந்து முழங்கை, காது, உதடு என்று ஆராய்ச்சி ஓடும்.

கலந்த நிறத்துக்குப் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். வெல்லப்பாகு, முந்திரித்தோல், ஈர மணல் என்றெல்லாம் வரும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வரிசை என்றாலே பிள்ளைகளுக்கு முதல் ஆள், கடைசி ஆள்தான்.

10. எங்கள் தெருப் புத்தகம்

இரண்டாம் அடுக்கு முடியும்போது, ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுப் பிள்ளைகளின் புத்தகம் ஒன்று செய்யுங்கள். "எங்க வீட்டுல ராத்திரி" என்பது நல்ல தலைப்பு. யார் எங்கே படுப்பார்கள், யார் கதை சொல்வார்கள், அப்பா கடலுக்குக் கிளம்பும் நேரம், அம்மா நைட் ஷிப்டுக்குப் போகும் நேரம் எல்லாம் படமாக வரும். பிள்ளை சொல்வதை நீங்கள் தமிழில் எழுதுங்கள். வேறு மொழி வீடு என்றால் பக்கத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அவர்கள் எழுத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அடுத்த வாரம் ஒடியா எழுத்தின் வட்ட வட்ட வடிவத்தைப் பார்த்து, "இது ஜிலேபியா?" என்று கேட்டுவிட்டு எல்லாரும் எழுதிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தப் பையன்தான் வாத்தியார், அவனாகவே.

11. வீட்டுக்காரர்களிடம் பேசுவது

"இதெல்லாம் எதுக்கு மிஸ், ஏ பி சி சொல்லிக் குடுங்க" என்பது நிச்சயம் வரும். வாதாட வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, "பிள்ளை படம் பார்த்துக் கதை சொல்லும், நீங்க கேட்டா போதும்" என்று சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் இதில் கலந்துகொள்ளலாம். மதம் சார்ந்த புத்தகத்தைக் கொடுக்கும்போது மட்டும் அட்டையைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையிலிருந்து திடீரென்று வெளியே வந்தால்தான் சந்தேகம் கிளம்பும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கத் தேர்வு வைக்காதீர்கள். சொப்பு விளையாட்டைக் கவனியுங்கள். கதையில் வந்த பெயரைப் பொம்மைக்கு வைக்கிறார்களா, படம் வரையும்போது பழுப்புக் குச்சியைத் தேடுகிறார்களா, யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள். இதெல்லாம் மெதுவாகத்தான் மாறும், சில வாரம் பின்னாலும் போகும்.

12. புத்தகப் பராமரிப்பு

கடற்கரை ஊரில் ஸ்டேப்ளர் பின் சீக்கிரம் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். புதுப் புத்தகம் வந்ததும் பின்னைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டைகளில் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். நாமே அச்சடித்த கதைகளுக்கும் இதேதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு வெயில் வரும் நாளில் விரித்துக் காய வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் கட்டிப் போட்டால் போதும்.